வீட்டுக்குள்ள கரையான் வந்தா முதல்ல ஈரத்தை தேடுங்க

ஆசிரியர் அவங்களுக்கு வணக்கம்ங்க.

நான் சேலத்துல குகைங்கற ஏரியாவுல மர வேலை செய்றவன். கதவு, ஜன்னல், நிலவு (கதவை மாட்டற மரச்சட்டம்), அலமாரி, பழைய வீட்டு ரிப்பேர் இதுதான் பொழப்பு. இந்த கடிதம் கரையானை பத்திங்க. மழை நாலு தூறல் போட்டா போதும், நம்ம ஊர்ல எந்த தெருவுக்கு போனாலும் கரன்ட் கம்பத்துல கரையான் மருந்து நோட்டீஸ் ஒட்டி இருக்கு, போன்லயும் வருது, ஒரே நாள்ல கரையான் காலி, இத்தனை வருஷம் கேரண்டின்னு. மக்களும் பயந்துபோய் காசை குடுத்து மருந்து ஊத்தறாங்க, ரெண்டு மழைக்காலம் தாண்டினா அதே நிலவுல அதே மண் கோடு மறுபடி ஏறுது. கரையான் எதுக்கு உள்ள வந்துச்சோ அதை யாரும் சரி பண்ணலைங்க, அதான் காரணம். இன்னொரு பக்கம் வீட்டுக்குள்ள வந்த கரையான் மேல இருக்கற பயத்துல வெளிய காட்டுலயும் கரட்டுலயும் அது பாட்டுக்கு இருக்கற புத்தை எல்லாம் இடிச்சு மருந்து ஊத்தி எரிக்கறாங்க. இது ரெண்டும் மாறணும்னுதான் எழுதறேன்.

என்னை வேலைக்கு கூப்பிடறவங்க முக்காவாசி பேர் சொல்றது, "நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சுங்க ஆசாரி"ன்னுதான். பெயிண்ட்தாங்க நல்லா இருந்திருக்கும். கரையான் வெளிச்சத்துலயும் வெறும் காத்துலயும் நடமாடாது, அதோட உடம்பு ரொம்ப மெல்லிசு, சீக்கிரமே காஞ்சு செத்துடும், அதனால மேல இருக்கற பெயிண்டை விட்டுட்டு உள்ள இருக்கற மரத்தை மட்டும் தின்னுக்கிட்டே போகும். விரல் முட்டியால நிலவை தட்டினீங்கன்னா நல்ல இடத்துல கெட்டியா சத்தம் வரும், அரிச்ச இடத்துல பொக்குன்னு கேக்கும், அங்க உளியை வெச்சு லேசா அழுத்தினாலே உள்ள இறங்கிடும். பேத்து எடுத்து பாத்தா மரத்தோட கெட்டி ரேகை மட்டும் தகடு தகடா நிக்குது, நடுவுல மெதுவான பாகம் பூரா போயி அந்த இடத்துல ஈர மண்ணை அப்பி வெச்சிருக்கு. வெளிச்சம் பட்டதும் வெள்ளை வெளேர்னு இருக்கற வேலைக்கார கரையான் எல்லாம் உள்ள ஓடிடும், தலை பழுப்பா இருக்கற காவல் கரையான் மட்டும் ஓடாம வாயில இருக்கற கொடுக்கை விரிச்சுக்கிட்டு ஓட்டை வாசல்லயே நிக்கும். செவுத்துல ஏறற மண் குழாயை ஒரு இன்ச் உடைச்சு விட்டுட்டு மறுநாள் காலைல போய் பாருங்க, புது மண்ணுல ஈரமா பூசி அடைச்சிருக்கும். அப்படி அடைச்சிருந்தா உள்ள இன்னும் நடமாட்டம் இருக்குன்னு அர்த்தம், அடைக்காம காஞ்சு உதிர்ந்தா அது பழைய பாதையா இருக்கலாம். மருந்து கம்பெனியை கூப்பிடறதுக்கு முன்னாடி இந்த சோதனையை யாரு வேணா பண்ணி பாக்கலாம், காசு செலவே இல்ல.

மரம் மட்டும் இல்லைங்க. செவுத்து அலமாரியில துணிக்கு அடியில வெச்ச கிரய பத்திரம், பிள்ளைங்க மார்க் ஷீட்டு, கல்யாண ஆல்பம் எல்லாம் போனதை கண்ணால பாத்திருக்கேன். காகிதம், பருத்தி துணி, மரம் இது எல்லாத்துலயும் இருக்கறது செல்லுலோஸ், அதுதான் அதுக்கு சாப்பாடு. குகை, அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டி பக்கம் தறிக்காரங்க வீட்ல இந்த கஷ்டம் இன்னும் ஜாஸ்தி. குழித்தறின்னா மண்ணை தோண்டி குழிக்குள்ள காலை விட்டுத்தான் உக்காரணும், தறிக்கால் மண்ணுலயே ஊன்றி இருக்கும், குழி எப்பவும் குளுமையா இருக்கும், கஞ்சி போட்ட நூல் பக்கத்துலயே இருக்கும், கரையானுக்கு தேவையானது அத்தனையும் ஒரே இடத்துல. ஒரு பாட்டி அவங்க வீட்டுக்காரர் காலத்து தறியோட பின்கால் ரெண்டையும் மாத்தி குடுப்பான்னு கூப்பிட்டாங்க. கழட்டி பாத்தா மண்ணுக்குள்ள இருந்த பாகமே இல்ல, தறி பாவு நூலோட இழுவைலதான் நின்னுக்கிட்டு இருந்திருக்கு. புது காலை கல்லு மேல நிறுத்தி குடுத்தேன், மண்ணுல படாம. தறி வெச்சிருக்கறவங்க எல்லாருக்கும் நான் சொல்றது இதுதான், கால் மண்ணுல புதைய வேண்டாம், ஒரு சாண் உயரத்துக்கு கருங்கல்லை போட்டு அது மேல நிறுத்துங்க, நெய்யறதுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது.

மரத்துல எது எதை செஞ்சுதுன்னே தெரியாம மருந்து ஊத்தறவங்களும் இருக்காங்க. மண் குழாய் இருந்தா அது மண்ணுலேர்ந்து வர்ற கரையான். மண்ணே இல்லாம மரத்துல குட்டி ஓட்டையும் கீழ கசகசா சைஸுல உருண்டை உருண்டையா கொட்டியும் இருந்தா அது மரத்துக்குள்ளயே குடியிருக்கற உலர்மர கரையான், அதுக்கு தரைல டிரில் போட்டு மருந்து ஊத்தி ஒரு பிரயோஜனமும் இல்ல, அந்த மரத்தைத்தான் வைத்தியம் பண்ணணும். கோதுமை மாவு கணக்கா நைஸா கொட்டினா அது கரையானே கிடையாது, உளுங்கற வண்டு, மூங்கில்லயும் ரப்பர் கட்டைலயும் மரத்தோட வெளிப்பக்க வெள்ளை பாகத்துலயும் வரும். இதை எல்லாம் பாத்து சொல்ற ஆளைத்தான் வேலைக்கு கூப்பிடணும், வந்ததும் வராததுமா எத்தனை சதுர அடின்னு கேக்கறவங்களை இல்ல.

மண்ணுலேர்ந்து வர்ற கரையானுக்கு வேண்டியது ரெண்டே ரெண்டு, ஈரம், மண்ணை தொட்டுக்கிட்டு இருக்கற மரம். வீடு கட்டறப்போ நம்ம இந்த ரெண்டையும் நம்ம கையாலயே குடுக்கறோம். பேஸ்மட்டம் நிரப்பறப்போ சென்ட்ரிங் பலகை துண்டு, சவுக்கு முட்டு, சிமெண்ட் காகித பை, மரத்தூள் எல்லாத்தையும் உள்ளயே தள்ளி மேல கிராவல் கொட்டி மூடிடறாங்க. அந்த மண்ணுல இருக்கற கூட்டம் அதை தின்னு முடிச்சதும் அடுத்து மேலதான் வரும், நிலவோட அடிப்பாகம் தரை டைல்ஸுக்கு கீழ மண்ணுலயே போய் உக்காந்திருக்கு, நேரா ஏறிடுது. அப்புறம் பாத்ரூம் செவுத்து பின்னால பைப் ஒழுகறது, ஏசி தண்ணி செவுத்து ஓரமா சொட்டறது, மழை தண்ணி குழாயை அஸ்திவாரத்து பக்கத்துலயே விடறது, செவுத்தை ஒட்டி செடி வெச்சு தினமும் தண்ணி ஊத்தறது, வெறகு கட்டையை செவுத்துல சாத்தி அடுக்கறது. நான் பாத்த வரைக்கும் கரையான் ஏறின நிலவுக்கு பின்னால பெரும்பாலும் ஒரு ஒழுகல் இருக்குங்க. ஏரிக்கரை ஓரமா மனை போட்டு மேடாக்கி கட்டின வீடுங்கள்ல இது இன்னும் அதிகம், நம்ம ஊர்ல ஏரி இருந்த இடத்துல எத்தனை நகர் இருக்குன்னு சேலத்துக்காரங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல.

மர விஷயத்துலயும் ஒண்ணு சொல்லணும். தேக்குன்னா கரையான் தொடாதுன்னு நெனச்சு காசு கொட்டறாங்க. வைரம் பாஞ்ச தேக்கைத்தான் அது சீக்கிரம் தொடாது. இப்ப வர்ற சின்ன வயசு தேக்குல பாதி வெள்ளைக்கட்டை, அதை பாலிஷ் போட்டு கலரை ஒண்ணாக்கிடுவாங்க, கரையான் அந்த வெள்ளையை மட்டும் தேடி தின்னுட்டு போகும். பழைய வேப்ப நிலவு, வேங்கை உத்திரம் எல்லாம் இன்னும் நம்ம செவ்வாப்பேட்டை வீடுங்கள்ல நிக்குது, அது காலத்துல கல்லு படி மேல நிலவை நிறுத்துவாங்க, அடில முந்திரிக்கொட்டை எண்ணெயை தடவுவாங்க. இன்னைக்கும் அதை செய்யலாம், பெரிய செலவு இல்ல.

இப்ப மருந்துக்கு வரேன். கன்னங்குறிச்சி பக்கம் ஒரு வீட்ல நான் அலமாரி வேலை பாத்துக்கிட்டு இருந்தப்போ கரையான் மருந்துக்கு ஆள் வந்தாங்க, எந்த கம்பெனின்னு நான் பேர் சொல்லலை. வெள்ளை கேன்ல மருந்து, லேபிளே இல்ல. கையுறை இல்ல, மூஞ்சில துணி இல்ல, சின்ன பசங்க. "தம்பி இது என்ன மருந்துப்பா"ன்னு கேட்டேன், "கம்பெனி மருந்துண்ணா, வாசனையே வராது"ன்னான். எத்தனை தண்ணிக்கு எத்தனை மருந்துன்னு கேட்டா அதுவும் தெரியலை. செவுத்தை ஒட்டி டிரில் போட்டுக்கிட்டே போறாங்க, அந்த மூலைல நாலஞ்சு அடில கிணறு. அந்த வீட்டு அக்கா கிட்ட நான்தான் சொல்லி கிணத்து பக்கம் மட்டும் நிறுத்த வெச்சேன். அந்த பசங்க மேல எனக்கு கோவம் இல்லைங்க, அவங்க ஒடம்புக்கும் சேத்துத்தான் அது விஷம், அவங்களுக்கு யாரும் சொல்லிக் குடுக்கலை, அனுப்பினவங்க மேலதான் கோவம்.

நம்ம நாட்ல இதுக்கு விதி இல்லாம இல்ல. ஐ.எஸ். 6313ன்னு இந்திய தர நிர்ணயம் இருக்கு, புது கட்டடத்துக்கு எப்படி, கட்டி முடிச்ச வீட்டுக்கு எப்படின்னு தனித்தனி பாகமா இருக்கு. கட்டின வீடுன்னா செவுத்து ஓரமா சுமார் ஒரு அடிக்கு ஒரு ஓட்டை போட்டு அளவா ஊத்தணும், குளோர்பைரிபாஸ்ங்கற கரையான் மருந்து 20 இ.சி.ன்னா (தண்ணில கலக்கற 20 சதவீத திரவம்) 1 லிட்டருக்கு 19 லிட்டர் தண்ணி, குடிதண்ணி கிணத்துல கலக்காம பாத்துக்கணும்னும் அதுலயே சொல்லி இருக்காங்க. 1968 பூச்சிக்கொல்லி சட்டப்படி இந்த தொழில் பண்றவங்க லைசென்ஸ் வாங்கணும். மருந்து டப்பாவுல சாய்சதுரத்துல கலர் போட்டிருக்கும், சிவப்புன்னா கடும் விஷம், அடுத்தது மஞ்சள், அப்புறம் நீலம், பச்சை. குளோர்பைரிபாஸ் மஞ்சள் வகை. நரம்பை தாக்கற மருந்து, மீனுக்கும் தேனீக்கும் ரொம்ப கெடுதி. அமெரிக்காவுல பெரும்பாலான வீட்டு உபயோகத்துக்கு இதை 2001லயே நிறுத்திட்டாங்க, 2025ல, சீக்கிரம் அழியாத விஷ ரசாயனத்தை ஒழிக்க நாடுங்க சேந்து போட்ட ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையோட ஒழிக்க வேண்டிய பட்டியல்ல சில விதிவிலக்கோட சேத்துட்டாங்க. ஒரு காலத்துல ஆல்ட்ரின், குளோர்டேன்னு அடிச்சாங்க, ஒருதடவை அடிச்சா பல வருஷம் கரையான் எட்டிப் பாக்காதுன்னு பெரியவங்க இன்னும் பெருமையா சொல்வாங்க, அத்தனை வருஷம் மண்ணுல அழியாம இருந்துச்சுங்கறதுதான் அதை தடை பண்ணினதுக்கே காரணம்.

சேலத்துல நமக்கு இன்னொரு ஆபத்தும் இருக்கு. நம்ம பூமி பாறை பூமி, போர்ல வர்றது பாறை வெடிப்பு தண்ணி. மருந்து மண்ணோட ஒட்டிக்கும், கீழ இறங்காதுன்னு விக்கறவங்க சொல்றது மண்ணு ஆழமா இருக்கற இடத்துக்கு சரி, ரெண்டடி மண்ணு கீழ வெடிச்ச கல்லுன்னு இருக்கற மலையடிவாரத்துல டிரில் பிட்டு நேரா வெடிப்புல இறங்கிட்டா என்ன ஆகும்? மழை வந்தா அந்த பக்கத்து தண்ணி எல்லாம் மூக்கனேரிக்கும் திருமணிமுத்தாத்துக்கும்தான் போகுது. மூக்கனேரியை மக்களே சேந்து 2010லேர்ந்து தூர் வாரி நடுவுல தீவு போட்டு மரம் வெச்சு பறவை வர்ற மாதிரி பண்ணி வெச்சிருக்காங்க, அந்த தண்ணியை நெனச்சு பாருங்க.

மருந்தே கூடாதுன்னு நான் சொல்லலைங்க. ஒழுகலை அடைச்சு, மண்ணு மரம் தொடற இடத்தை பிரிச்சு, அப்படியும் நிக்கலைன்னா லைசென்ஸ் இருக்கற ஆளை வெச்சு, மருந்து பேரும் அளவும் பில்லுல எழுதி வாங்கிட்டு அடிங்க. மரத்துக்கு போரேட்ங்கற போரான் உப்பு மருந்து இருக்கு. தூண்டில் முறைன்னு ஒண்ணு இருக்கு, தோல் உரிக்க விடாத மருந்தை தீனியில கலந்து ஒரு பெட்டியில வெப்பாங்க, வேலைக்கார கரையான் அதை தின்னு கூட்டத்துக்கே ஊட்டும், மெல்லத்தான் வேலை செய்யும், ஆனா தரைல லிட்டர் கணக்குல விஷம் ஊத்த வேண்டியதில்ல.

வெளிய இருக்கற புத்து விஷயம்தான் எனக்கு மனசு கேக்காத விஷயம். ஏற்காடு அடிவாரத்துல புது லேஅவுட் போடறப்போ ஜேசிபி வெச்சு மொதல்ல இடிக்கறது புத்தைத்தான். உலகத்துல கிட்டத்தட்ட 3,000 வகை கரையான் இருக்கு, இந்தியாவுல மட்டும் 300 கிட்ட இருக்கு, அதுல வீட்டு மரத்துக்கு வர்றது ரொம்ப கொஞ்சம். மீதில பெரும்பாலானது காட்டுல விழுந்த கட்டை, சருகு, காஞ்ச புல்லு, மாட்டு சாணி இதை தின்னு மண்ணாக்கிட்டு இருக்கு. கரையான் எறும்பு சாதி இல்ல, கரப்பான் சாதி, 13 கோடி வருஷத்துக்கு மேல பூமியில இருக்கு. நம்ம ஊர்ல பெரிசா புத்து எழுப்பற வகை புத்துக்குள்ள விவசாயமே பண்ணுதுங்க. தின்ன கட்டையை மெத்தையா அடுக்கி அதுல பூஞ்சை வளத்து அந்த பூஞ்சையைத்தான் சாப்பிடுது, மழைக்கு அந்த பூஞ்சைதான் புத்துக்காளானா மேல வருது, அதை மலைல போட்டி போட்டு பறிச்சு குழம்பு வெப்பாங்க. புத்தை இடிச்சா அந்த காளானும் போச்சு. ரெக்கை முளைச்ச கரையானான ஈசல் பறக்கற சாயங்காலம் தவளை, பல்லி, கரிச்சான், மைனா எல்லாத்துக்கும் விருந்து, கிராமத்துல நம்ம ஜனங்களும் வெளக்கு வெச்சு பிடிச்சு பொரியரிசியோட வறுத்து தின்னவங்கதான். அலுங்குன்னு சொல்ற எறும்புத்தின்னி கிழக்கு தொடர்ச்சி மலைல இருக்கற ஜீவன், எறும்பும் கரையானும்தான் அதுக்கு சோறு.

சேர்வராயன் மலைல 1820கள்ல சேலம் கலெக்டர் காக்பர்ன் காபியை கொண்டுவந்ததுலேர்ந்து எஸ்டேட்டு மண்ணு எல்லாம் சருகு மண்ணுதான். சில்வர் ஓக் இலையும் காபி இலையும் கொட்டி கொட்டி கெடக்கறதை உடைச்சு மண்ணோட சேக்கற வேலையில மண்புழுவுக்கு சமமா கரையானுக்கும் பங்கு இருக்கு. அது போடற சுரங்க வழியாத்தான் மழை தண்ணி ஓடிப்போகாம உள்ள இறங்குது. போர்னியோ காட்டுல 2015-16 வறட்சில கரையானை எடுத்துட்ட இடத்தையும் விட்டு வெச்ச இடத்தையும் வெச்சு ஆராய்ச்சி பண்ணி 2019ல சயின்ஸ் பத்திரிகைல போட்டாங்க, கரையான் இருந்த இடத்துல மண்ணுல ஈரம் அதிகமா நின்னுருக்கு, நாத்தும் அதிகமா பிழைச்சிருக்கு. வருஷா வருஷம் கோடைல தண்ணிக்கு லாரி பாக்கற நம்ம ஊருக்கு இது சின்ன விஷயமா? கரையான் மீத்தேன் விடுது, பூமி சூடாகுதுன்னு சிலர் சொல்றாங்க, விடுதுதான், உலக மொத்தத்துல 1லேர்ந்து 3 சதவீதம் வரைக்கும்னு சொல்றாங்க, மாடும் வயலும் எண்ணெய் கிணறும் விடறதுக்கு முன்னால அது கொஞ்சம்தான்.

ஆனா சூடு ஏற ஏற கரையான் வேகமாகும்ங்கறது உண்மை. 6 கண்டத்துல 130க்கு மேல இடத்துல மரக்கட்டையை வெச்சு பாத்த ஒரு ஆராய்ச்சி 2022ல வந்துச்சு, 10 டிகிரி சூடு கூடின இடத்துல கரையான் கட்டையை அரிக்கற வேகம் கிட்டத்தட்ட 7 மடங்காம். அப்போ இனிமே வீட்டுக்குள்ள தொல்லை கூடத்தான் போகுது, அதனாலதான் கட்டறப்பவே சரியா கட்டணும்னு இவ்வளவு சொல்றேன்.

விவசாயத்துலயும் இதே கதைதான். மரவள்ளி கரணை நட்டு மழை தள்ளிப் போனா கரையான் அரிக்குது, மா ஒட்டு செடி, தென்னங்கன்னு, கரும்பு கரணைலயும் வரும். மக்காத எருவையும் காஞ்ச சருகையும் குழியில போட்டா கூப்பிட்டு விட்ட கணக்குதான், நல்லா மக்கின எருவும் வேப்பம் புண்ணாக்கும் போட்டு முதல் மாசம் ஈரம் காயாம பாத்துக்கிட்டா பாதி தொல்லை இல்ல. ஏத்தாப்பூர்ல மரவள்ளி ஆராய்ச்சி நிலையம் இருக்கு, சந்தியூர்ல வேளாண் அறிவியல் நிலையம் இருக்கு, கடைக்காரர் குடுக்கற பாட்டிலை வாங்கறதுக்கு முன்னாடி அங்க ஒரு வார்த்தை கேளுங்க.

பெரியவங்க புத்தை இடிக்காம சுத்தி வந்து மஞ்சள் குங்குமம் வெச்சு பால் ஊத்தினாங்க. கரையான் புத்தெடுக்க கருநாகம் குடி புகுந்த கதையா கும்பிடறது பாம்பைன்னாலும் அந்த பயத்துலயாவது புத்து தப்பிச்சுது. ஆடி மாசம் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு ஊரே கூடறோம், அதே ஆடில வாங்கின மனைல இருக்கற புத்துல டீசல் ஊத்தறோம், எனக்கு இது பொறுக்கலைங்க. வீட்லேர்ந்து நல்லா தள்ளி இருக்கற புத்து உங்க நிலவுக்கு வர்றது கம்மிதான், வீட்டை அரிக்கறதுல பல வகை புத்தே கட்டாம தரைக்கு கீழயே இருக்கும்.

உங்க பேப்பர் மூலமா நான் கேக்கறது இதுதாங்க. மாநகராட்சி வீட்டு பிளான் அனுமதி குடுக்கறப்போ பேஸ்மட்டம் நிரப்பறதுக்கு முன்னாடி மர துண்டு எடுத்தாச்சான்னும், கரையான் மருந்து போட்டா என்ன மருந்து எத்தனை அளவுன்னும் ஒரு தாள்ல எழுதி வாங்கணும். லேபிள் இல்லாத கேனோட வீட்டுக்கு வர்றவங்களை வேளாண் துறை பிடிச்சு லைசென்ஸ் கேக்கணும், அந்த வேலை செய்ற பசங்களுக்கு கையுறையும் முகமூடியும் குடுக்காத முதலாளிக்கு அபராதம் போடணும். கிணறு, போர் பக்கத்துல ஊத்த கூடாதுங்கறதை தமிழ்ல பெரிசா அச்சடிச்சு வார்டு ஆபீஸ்லயும் ரேஷன் கடைலயும் ஒட்டணும். அடுத்த மழைக்கு முன்னாடி நடந்தா நல்லது, ஈசல் பறக்க ஆரம்பிச்சதும் மறுபடி நோட்டீஸ் ஒட்ட ஆரம்பிச்சிடுவாங்க.

இப்படிக்கு,
ஒரு மர வேலைக்காரன்,
குகை, சேலம்.